பாட்காஸ்டுக்கு விவரக்குறிப்பு எழுதுவது எப்படி?

பதிவு முடிந்துவிட்டது. இருமல், தொண்டைக் கனைப்பு எல்லாம் வெட்டியாகிவிட்டது, தொடக்க இசையும் சேர்த்தாகிவிட்டது. ராத்திரி பதினோரு மணிக்கு ஹோஸ்டிங் தளத்தைத் திறந்து ஆடியோவை ஏற்றினால் கீழே ஒரு காலிப் பெட்டி வரும். "டிஸ்கிரிப்ஷன்" என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் இரண்டு நிமிடத்தில் ஏதோ நாலு வரி தட்டிவிட்டுப் படுத்துவிடுகிறோம். என் முதல் நிகழ்ச்சிக்கு நானும் அப்படித்தான் எழுதினேன். நேயர்களுக்கு வணக்கம் சொல்லி, என் பெயரைச் சொல்லி, இது ஒரு சிறிய முயற்சி என்று சொல்லி முடித்திருந்தேன். நிகழ்ச்சி எதைப் பற்றியது என்று அதில் ஓர் இடத்திலும் இல்லை.

அந்தப் பெட்டியில் நீங்கள் எழுதுவதைப் படிப்பவர் உங்கள் குரலை இன்னும் கேட்காதவர். கேட்டுப் பழகியவர்கள் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை, நேராகப் ப்ளே பொத்தானை அழுத்திவிடுவார்கள். பேருந்தில் நின்றுகொண்டு ஒரு கையால் கம்பியையும் மறு கையால் போனையும் பிடித்திருக்கிற, உங்களை யாரென்றே தெரியாத ஒருவருக்காக எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைப் போடலாம், எதை விடலாம் என்று தடுமாறும்போதெல்லாம் அவரை நினைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் குழம்புவது ஒன்று உண்டு. விவரக்குறிப்பு இரண்டு வகை. மொத்த நிகழ்ச்சிக்கு ஒன்று, ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒன்று. முதலாவதை ஒருமுறை நன்றாக உட்கார்ந்து எழுதிவிட்டு எப்போதாவது திருத்தினால் போதும். இரண்டாவதை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டும். நிகழ்ச்சிக்கு எழுதியதையே எல்லா எபிசோடிலும் ஒட்டிவிடுவது ரொம்பப் பேர் செய்கிற தவறு.

எழுதுவதற்கு முன்னால், வாயால் சொல்லுங்கள்

எழுத உட்கார்ந்தாலே நமக்குள்ளிருந்து ஒரு மேடைப் பேச்சாளர் எழுந்துவிடுகிறார். அதனால் முதல் படியில் எழுதவே வேண்டாம். நிகழ்ச்சியைப் பற்றித் தெரியாத நண்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள், "இந்த மாதிரி ஒன்று செய்கிறேன்" என்று. அப்புறம் அதை நீங்களே கேளுங்கள். எடுத்த எடுப்பில் என்ன சொன்னீர்களோ, எந்த இடத்தில் குரலில் வேகம் ஏறியதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார். ஊர் ஊராகப் போய், கரையில் உட்கார்ந்து, அங்கிருப்பவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வார். அவர் எழுதி அனுப்பிய விவரக்குறிப்பு இது:

"நமது பாரம்பரிய நீர் மேலாண்மையின் மகத்துவத்தை இன்றைய இளைய தலைமுறைக்குக் கொண்டு சேர்க்கும் ஒரு சிறிய முயற்சியே இந்த வலையொலி. உங்கள் மேலான ஆதரவை எதிர்நோக்குகிறோம்."

படித்துவிட்டு போன் போட்டேன். "அண்ணே, அது இருக்கட்டும், இந்த வாரம் என்ன வருது?" என்று கேட்டேன். உடனே சொன்னார்: "ஒரு நீர்க்கட்டி இருக்காருப்பா, எழுபது வயசு. கலுங்குல தண்ணி விழுற சத்தத்தை வச்சே கண்மாய்ல எவ்வளவு நிக்குதுன்னு சொல்றாரு. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றாரு."

நீர்க்கட்டி என்பவர் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுபவர், கலுங்கு என்பது கண்மாயின் உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். எனக்கு உடனே அதைக் கேட்க வேண்டும் போல இருந்தது. எழுதி அனுப்பியதில் மகத்துவம் இருந்தது, தலைமுறை இருந்தது, கலுங்கு இல்லை. அந்தப் பெரியவரும் இல்லை. அவர் போனில் சொன்னதுதான் விவரக்குறிப்பு, அதை எழுத்துக்குக் கொண்டுவருவது மட்டும்தான் பாக்கி. இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றி எழுதியது இப்படி வந்தது:

"கண்மாய்க் கரைகளில் பதிவான குரல்கள். மடை திறந்து அடைக்கும் நீர்க்கட்டிகள், மீன் குத்தகை எடுத்தவர்கள், கடைமடை விவசாயிகள் தங்கள் ஊர்த் தண்ணீரின் கதையைச் சொல்கிறார்கள். வரத்துக்கால் மண்ணேறினால் யார் வெட்டுவது, தண்ணீர் குறைந்த வருடம் யார் வயலுக்கு முதலில் பாய்ச்சுவது என்று எபிசோடுக்கு ஒரு கண்மாய். மதுரை, சிவகங்கை மாவட்டங்களிலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, சுமார் 30 நிமிடம்."

இதில் அலங்காரம் எதுவும் கிடையாது. யார் பேசுகிறார்கள், எதைப் பற்றி, எந்த ஊர், எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் இருக்கிறது. 30 நிமிடம் என்று போட்டது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் வேலைக்குப் போகிற வழியில் கேட்கிறவருக்கு அது முக்கியம்.

முதல் வரியில் வினைச்சொல் வந்துவிட வேண்டும்

இந்த ஒன்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இருக்காது.

ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஆனாலும் ஸ்பாட்டிஃபை ஆனாலும் நிகழ்ச்சிப் பக்கத்தைத் திறந்தவுடன் விவரக்குறிப்பு முழுதாகத் தெரியாது. முதல் சில வரிகள் தெரியும், மிச்சத்தைப் பார்க்கத் தட்ட வேண்டும். தமிழில் சொற்கள் நீளம், எழுத்துகளும் அகலம், அதனால் அந்தச் சில வரிக்குள் ஆங்கிலத்தைவிடக் குறைவாகத்தான் அடங்கும். போதாததற்கு நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. "தமிழகத்தின் தென்மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாசனத்துக்குப் பயன்பட்டு வந்து இன்று பல்வேறு காரணங்களால் அழிந்துவரும் கண்மாய்களையும் அவற்றைச் சார்ந்து" என்று போய்க்கொண்டே இருந்தால், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லும் இடம் வருவதற்குள் திரை முடிந்துவிடும். படிப்பவருக்கு அடைமொழிகள் மட்டும் மிஞ்சும்.

ஆகவே முதல் வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், ஏழெட்டுச் சொல்லுக்குள். வினையே இல்லாத பெயர்த்தொடராக இருந்தாலும் பரவாயில்லை, "கண்மாய்க் கரைகளில் பதிவான குரல்கள்" அப்படித்தான் நிற்கிறது. அடுத்த வாக்கியத்தில் நீட்டிக்கொள்ளலாம். "வணக்கம் நேயர்களே" ஆடியோவுக்கு அழகு, எழுத்தில் அது தெரிகிற சில வரிகளில் ஒன்றைத் தின்றுவிடும், எடுத்துவிடுங்கள்.

எல்லாருக்கும் பொருந்துவது யாருக்கும் பொருந்தாது

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் விவரக்குறிப்பை அப்படியே எடுத்துச் சமையல் பாட்காஸ்டிலோ பங்குச்சந்தைப் பாட்காஸ்டிலோ ஒட்டிப் பாருங்கள். பொருந்துகிறதா? பொருந்துகிற வாக்கியங்களை எல்லாம் அடித்துவிடுங்கள். "சுவாரஸ்யமான உரையாடல்கள்", "பல்வேறு தலைப்புகளில்", "மனம் திறந்து பேசலாம் வாங்க", "வித்தியாசமான கோணத்தில்" எல்லாம் இதில் போய்விடும். சுவாரஸ்யம் இருக்கிறதா என்று கேட்பவர் முடிவு செய்யட்டும். நீங்கள் சுவாரஸ்யமான அந்த ஒன்றைக் காட்டினால் போதும்.

அடித்த இடத்தில் என்ன போடுவது என்று கேட்டால், பதிவுக்குள் போய்த் தேடுங்கள். ஓர் ஊர்ப்பெயர், ஒரு தொழிற்சொல், ஒரு கேள்வி. "சமையல் ரகசியங்கள்" என்பதைவிட "பிரியாணிக்குத் தண்ணீர் அளவு ஏன் எல்லாருக்கும் தப்புகிறது" என்பது கைக்குப் பிடிபடும்.

தேடலில் அகப்படுவது

தேடலில் அதிகம் வேலை செய்வது நிகழ்ச்சித் தலைப்பும் நடத்துபவர் பெயரும் எபிசோட் தலைப்பும்தான். வந்தவரைக் கேட்கவைப்பது விவரக்குறிப்பின் வேலை. ஆனாலும் தமிழில் சில விஷயங்களை இங்கே சரிசெய்துவிட்டால் நல்லது.

ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு சொல் இருக்கிறது. மதுரைப் பக்கம் கண்மாய் என்பதைச் செங்கல்பட்டில் ஏரி என்பார்கள், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் குளம் என்பார்கள். கலுங்கு வடக்கே போனால் கலங்கல் ஆகிவிடும், ஈழத்தில் "குளம் வான் பாயுது" என்பார்கள். அண்ணனின் விவரக்குறிப்பில் பிறகு ஒரு வாக்கியம் சேர்த்தோம்: "ஏரி, குளம் என்று நீங்கள் அழைப்பதைத்தான் எங்கள் ஊரில் கண்மாய் என்போம்." தேடலுக்கும் உதவும், வெளியூர்க்காரரை உள்ளே கூப்பிட்டது போலவும் இருக்கும்.

இன்னொரு சிக்கலும் அவருக்கு வந்தது. நீர்க்கட்டி என்று இணையத்தில் தேடினால் சினைப்பை நீர்க்கட்டி பற்றிய மருத்துவக் குறிப்புகள்தான் வந்து விழுகின்றன. அதனால்தான் "மடை திறந்து அடைக்கும் நீர்க்கட்டிகள்" என்று எழுத வேண்டியிருந்தது. உங்கள் துறைச் சொல்லுக்கு வெளியே வேறு பொருள் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். இருந்தால் பக்கத்தில் விளக்கமாக ஒரு சொல் போடுங்கள்.

தமிழ் நிகழ்ச்சியையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்கள் நிறையப் பேர். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம், நிகழ்ச்சிப் பெயரும் பொருளும் வருகிற மாதிரி, ஆங்கிலத்தில் எழுதிவைக்கலாம். தூத்துக்குடி, தஞ்சாவூர், திருச்சி போன்ற ஊர்களுக்கு ஆங்கிலத்தில் பழைய எழுத்துமுறை ஒன்று, புதியது ஒன்று என்று இருக்கிறது, மக்கள் எதைத் தட்டுவார்களோ அதைப் போடுங்கள். ஆனால் சம்பந்தமில்லாத நூறு சொல்லைக் காற்புள்ளி போட்டு அடுக்காதீர்கள். ஆப்பிள் அப்படிச் செய்யக்கூடாது என்று தன் விதிகளிலேயே சொல்லியிருக்கிறது, நிகழ்ச்சியையே நிராகரிக்க வாய்ப்புண்டு. படிக்கிற மனிதருக்கும் அது குப்பையாகத்தான் தெரியும்.

தட்டச்சில் ஒரு பிழை கண்ணுக்கே தெரியாது. "கௌரவம்" என்பதில் வரவேண்டிய ஔகாரக் குறிக்குப் பதிலாக, எகரக் கொம்போடு "கெ" போட்டுப் பக்கத்தில் ள எழுத்தைத் தட்டிவிடுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். பௌர்ணமி, சௌராஷ்டிரம், மௌனம் என்று வரும் இடத்திலெல்லாம் இதைப் பாருங்கள். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் மொத்தமும் புரியாத குறிகளாக மாறிவிடும், யூனிகோடில் புதிதாகத் தட்டிவிடுவது சுலபம்.

4000 பைட் என்றால் எவ்வளவு?

நீங்கள் பெட்டியில் எழுதுவது ஆர்எஸ்எஸ் (RSS feed) என்ற தகவல் ஓடைக்குள் போகிறது. பெரும்பாலான செயலிகள் அந்த ஓடையைப் படித்துத்தான் உங்கள் நிகழ்ச்சியைக் காட்டுகின்றன. 2005-இல் ஐடியூன்ஸுக்குள் பாட்காஸ்ட் வந்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். ஒருமுறை எழுதினால் அங்கெல்லாம் வந்துவிடும், திருத்தினாலும் அப்படியே, கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இந்த ஓடையில் நிகழ்ச்சி விவரக்குறிப்புக்கு ஆப்பிள் வைத்திருக்கும் எல்லை 4000 பைட். பைட் என்பது கணினி எழுத்தைச் சேமிக்கும் இடத்தின் அளவு. 4000 எழுத்து என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அது கிட்டத்தட்டச் சரி, ஓர் எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் 3 பைட் ஆகிறது, புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியாக. "கண்மாய்" என்ற சொல்லைப் பாருங்கள். நம் கண்ணுக்கு நாலு எழுத்து. உள்ளே க, ண, புள்ளி, ம, துணைக்கால், ய, புள்ளி என்று ஏழு குறி, 21 பைட். இந்தக் கணக்கில் 4000 பைட்டுக்குள் 140, 150 தமிழ்ச் சொற்கள்தான் அடங்கும். நிகழ்ச்சி விவரத்துக்கு அது தாராளம், நான் 60 சொல்லுக்கு மேல் போகவே வேண்டாம் என்பேன். ஆனால் எபிசோட் குறிப்பில் நேரக்குறிப்பு, இணைப்பு, நன்றி என்று அடுக்கும்போது நீளம் சட்டென்று ஏறிவிடும். ஆகவே முக்கியமானதை மேலே வையுங்கள், வெட்டுப்பட்டாலும் நன்றி உரை வெட்டுப்படட்டும்.

தடித்த எழுத்து, வண்ணம், வரிசையாக எமோஜி எல்லாம் ஒரு செயலியில் அழகாக வரும், இன்னொன்றில் காணாமல் போகும். வெறும் பத்தியாகப் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதுவதே பாதுகாப்பு.

அப்புறம் அமைப்புகளில் மொழி எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹோஸ்டிங் தளம் முதலிலேயே ஆங்கிலம் என்று போட்டு வைத்திருக்கலாம், அதைத் தமிழ் என்று மாற்றுங்கள். பிரிவு விஷயத்தில் ஆப்பிளில் 19 முதன்மைப் பிரிவுகள் இருக்கின்றன, நேர்மையாகப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள், கூட்டம் அதிகமாக இருக்கிறதே என்று நகைச்சுவைக்குள் போய் உட்காராதீர்கள்.

எபிசோடுக்கு எழுதுவது

இங்கே வேலை வேறு. நிகழ்ச்சியை அறிமுகப்படுத்த வேண்டாம், இந்த ஒரு பதிவில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

விருந்தினர் ஊரறிந்தவர் என்றால் பெயர் முதலில் வரட்டும். ஊருக்குத் தெரியாதவர் என்றால் அவர் செய்கிற வேலை முதலில், பெயர் பிறகு. "நாற்பது வருடமாக மடை திறந்து அடைக்கும் பெரியவர் ஒருவர், கலுங்குச் சத்தத்தைக் கேட்டே கண்மாயின் நீர்மட்டத்தைச் சொல்கிறார். அதை எப்படிக் கற்றுக்கொண்டார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார்?" அவ்வளவுதான், இதுவே போதும். பதிலை எழுதிவிடாதீர்கள், ஆனால் "கேட்டால் அதிர்ச்சி அடைவீர்கள்" என்று ஒளித்துவைத்து விளையாடவும் வேண்டாம், ஒருமுறை ஏமாந்தவர் திரும்பி வரமாட்டார்.

விருந்தினரை எப்படிக் குறிப்பிடுவது என்று அவரிடமே கேளுங்கள். பெயர் போடலாமா, ஊர் போடலாமா, பட்டம் எப்படி எழுத வேண்டும் என்பதையும். நாம் எழுதியதை வெளியிடும் முன் அவருக்கு ஒருமுறை படித்துக்காட்டுவது மரியாதை, பாதித் தவறுகள் அங்கேயே பிடிபட்டுவிடும். அவர் போன் நம்பரை ஒருபோதும் போடாதீர்கள், அவரே சரி என்றாலும்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் நேரக்குறிப்பு கொடுங்கள். அண்ணனின் அந்த எபிசோடுக்கு இப்படி இருந்தது:

00:00 கண்மாய்க் கரையில்
04:10 நீர்க்கட்டி வேலை என்றால் என்ன
12:35 கலுங்குச் சத்தம்
21:50 கடைமடைக்குத் தண்ணீர் வராத வருடம்

ஸ்பாட்டிஃபையில் இந்த நேரங்களைத் தட்டினால் அந்த இடத்துக்கே போய்விடும். யூடியூபில் போடுவதானால் முதல் குறிப்பு 00:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், வரிசையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையக்கூடாது, அப்போதுதான் அத்தியாயமாகப் பிரியும். நேரத்தைக் கடைசிக் கோப்பிலிருந்து குறியுங்கள். தொடக்க இசை சேர்ப்பதற்கு முன்பே குறித்துவைத்து, வெளியான பிறகு எல்லாமே 40 விநாடி தள்ளிப்போயிருந்ததை நான் ஒரு நேயர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தானாக விளம்பரம் நுழைக்கும் வசதி வைத்திருந்தாலும் நேரம் நகரும், அதையும் மனதில் வையுங்கள்.

எபிசோட் எண்ணைத் தலைப்பில் எழுதாதீர்கள், அதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. பேச்சில் குறிப்பிட்ட புத்தகம், தளம், இடம் இருந்தால் அடியில் தாருங்கள், இசையும் படமும் தந்தவர்களுக்கு நன்றி சொல்லுங்கள், நேயர்கள் எழுத ஒரு மின்னஞ்சல் முகவரி வையுங்கள்.

வெளியிடுவதற்கு முன்னும் பின்னும்

முதலில் சத்தமாகப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்ற கேள்வி இங்கே வரும். நிகழ்ச்சியில் எப்படிப் பேசுகிறீர்களோ அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும், கலகலப்பாக அரட்டை அடிக்கிற நிகழ்ச்சிக்கு அரசாணை மாதிரி எழுதினால் உள்ளே வந்தவர் குழம்புவார். ஆனால் தேடலுக்கு முக்கியமான சொற்களை வழக்கமான எழுத்துமுறையிலேயே எழுதுங்கள், "பண்றது, பன்றது" மாதிரி ஆளுக்கு ஒரு விதமாக எழுதும் சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு ஆடியோவைக் கேட்காத ஒருவருக்கு விவரக்குறிப்பை மட்டும் அனுப்புங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இதில் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதும் பதிவில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் ஏற்றிவிடலாம். அண்ணனின் முதல் வடிவத்தை அவருடைய அத்தை மகள் படித்துவிட்டு "அரசாங்கத் திட்டம் பற்றியா?" என்று கேட்டார். அதற்கு மேல் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வெளியான மறுநாள் குறைந்தது இரண்டு செயலியில், வேறொருவர் போனில், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்துத் திறந்து பாருங்கள். முதல் வரி எங்கே வெட்டுப்படுகிறது, இணைப்பு வேலை செய்கிறதா, பத்தி பிரிந்திருக்கிறதா என்று.

நிகழ்ச்சி விவரத்தைப் பத்து எபிசோடுக்கு ஒருமுறை திரும்ப எடுத்துப் படியுங்கள். தொடங்கும்போது எழுதியது நாம் செய்ய நினைத்த நிகழ்ச்சிக்கு, பத்து பதிவுக்குப் பிறகு கையில் இருப்பது வேறாக இருக்கும். அண்ணன் முதலில் பாசனம் பற்றித்தான் நினைத்திருந்தார். போன ஊரிலெல்லாம் வற்றிய கண்மாய்க்குள் ஆடு மேய்ப்பவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களிடம் தண்ணீர் இல்லாத மாதங்களின் கதை இருந்தது. பதினோராவது எபிசோடை ஏற்றிய அன்று அண்ணன் விவரக்குறிப்பைத் திறந்து, மீன் குத்தகை எடுத்தவர்களுக்கும் கடைமடை விவசாயிகளுக்கும் நடுவில் "கோடையில் ஆடு மேய்ப்பவர்கள்" என்று சேர்த்தார்.